சைகைமொழி பெயர்ப்பாளர் வரும் கூட்டத்தை நடத்துவது எப்படி?

மொழிபெயர்ப்பாளரைத் தேடுவதற்கு முன், காது கேளாதவரிடமே கேளுங்கள்: "உங்களுக்கு எந்தச் சைகைமொழி?" உலகம் முழுக்க ஒரே சைகைமொழி என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்கச் சைகைமொழியும் பிரிட்டிஷ் சைகைமொழியும்கூட வேறு வேறு. விரலால் எழுத்துக் காட்ட முதலாவதற்கு ஒரு கை, இரண்டாவதற்கு இரண்டு கை.

கூட்டம் ஒரு மணி நேரத்தைத் தாண்டும் என்றால் இருவரைக் கூப்பிடுங்கள். 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்வார்கள். ஒரு வாக்கியத்தைக் காட்டிக்கொண்டே அடுத்ததைக் கேட்க வேண்டிய வேலை. கையைவிட மூளைதான் முதலில் களைக்கும். களைத்தபின் எது விட்டுப்போகிறது என்பது பல நேரம் அவருக்கே தெரியாது. உட்கார்ந்திருக்கும் இரண்டாமவர் சும்மா இருப்பதாகத் தோன்றும். தவறிய பெயரையும் எண்ணையும் எடுத்துக்கொடுப்பவர் அவர்தான்.

ஸ்லைடு, ஆட்களின் பெயர்ப் பட்டியல், உங்கள் அலுவலகத்துச் சுருக்கப் பெயர்கள் எல்லாவற்றையும் ஓரிரு நாள் முன்பே மொழிபெயர்ப்பாளருக்கு அனுப்பிவிடுங்கள்.

மொழிபெயர்ப்பாளர் பேசுபவருக்குப் பக்கத்தில், காது கேளாதவருக்கு எதிரே இருக்கட்டும். பின்னால் ஜன்னல் வேண்டாம், முகம் இருண்டுவிடும். சைகைமொழியில் கேள்வியா இல்லையா என்பதைப் புருவமும் சேர்ந்துதான் சொல்கிறது.

பெரும்பாலும் சொதப்புவது காகிதத்தில்தான். "மூன்றாவது வரியைப் பாருங்கள், இதில் என்னவென்றால்..." என்று பேசிக்கொண்டே போவோம். காது கேளாதவர் தாளைப் பார்த்தால் சைகை போச்சு, சைகையைப் பார்த்தால் தாள் போச்சு. தாளைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். அவர் நிமிர்ந்த பிறகு தொடருங்கள். அந்தப் பத்து விநாடி மௌனம் சங்கடமாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

"வலி எப்போதிலிருந்து என்று அவரிடம் கேளுங்கள்" என்று மொழிபெயர்ப்பாளரிடம் சொல்லாதீர்கள். காது கேளாதவரின் முகத்தைப் பார்த்து, "வலி எப்போதிலிருந்து?" என்று நேராகக் கேளுங்கள். மொழிபெயர்ப்பாளர் "எனக்குச் சம்மதமில்லை" என்றால் சம்மதமில்லாதது காது கேளாதவருக்கு. "இதை மட்டும் சொல்லாதீர்கள்" என்று கிசுகிசுத்தால், அதையும் சேர்த்தே காட்டிவிடுவார். அவர் தொழில் அது.

மருத்துவரிடம் போகும்போது காது கேளாதவரின் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். கெட்ட செய்தியைப் பிள்ளை மென்று விழுங்கிவிடும்.

சைகை எப்போதும் பேச்சுக்குச் சில விநாடி பின்னால்தான் வரும். "யாருக்காவது கேள்வி உண்டா?" என்பது காது கேளாதவரிடம் போய்ச் சேரும்போது, எதிரே இருப்பவர் பாதி கேள்வி கேட்டு முடித்திருப்பார். கேட்டபின் மனதுக்குள் ஐந்து எண்ணி, அவர் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு அடுத்தவரைப் பேசச் சொல்லுங்கள்.