பட்டாளத்துப் பணத்தில் நாங்கள் செய்த தவறுகள்

போன ஞாயிறு போச்சம்பள்ளி சந்தையில் ஒரு தம்பியைப் பார்த்தேன். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து டிஸ்சார்ஜ் ஆகி மூன்று வாரம். "அண்ணே, செட்டில்மென்ட் வந்துடுச்சு. சூளகிரி பக்கம் ரெண்டு மனை. சாயங்காலம் அட்வான்ஸ் கொடுக்கணும்" என்றான். 2012 இல் ஊருக்கு வந்தபோது நான் பேசிய அதே பேச்சு. டீக்கடையில் பிடித்து உட்கார வைத்துவிட்டேன்.

குடி, புது பைக், மச்சானுக்குக் கைமாற்று, இதெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. வீட்டிலேயே சொல்லிவிடுவார்கள்.

மொத்தப் பணத்தையும் மனையில் போடுவது

பி.எஃப்., கிராஜுவிட்டி, கம்யூட்டேஷன் (மாதப் பென்ஷனில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து முன்கூட்டியே மொத்தமாக வாங்குவது), குரூப் இன்சூரன்ஸ், லீவு சம்பளம் எல்லாம் அடுத்தடுத்து வந்து விழும். அவ்வளவு பெரிய தொகையை என் பாஸ்புக் அதுவரை பார்த்ததில்லை. நெடுஞ்சாலையிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே, மாந்தோப்பை வெட்டிக் கல் நட்ட இடம். காட்டியவர் எங்கள் ரெஜிமெண்டிலிருந்தே ஓய்வுபெற்ற ஒரு சுபேதார் சாப். மனைக்கு இவ்வளவு என்று அவருக்குக் கமிஷன் இருந்தது பின்னால்தான் தெரிந்தது. சாப் சொன்னால் ஏன் என்று கேட்டுப் பழகாத ஆள் நான். "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு" என்றார். இரண்டு மனை, எட்டு லட்சம்.

பஞ்சாயத்துத் தலைவர் போட்ட கையெழுத்து மனைப்பிரிவு அனுமதி ஆகாது. டிடிசிபி, அதாவது நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அனுமதி வேண்டும். 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. 2017 ஜனவரியில் மகளுக்கு செமஸ்டர் ஃபீஸ் கட்ட ஒரு மனையை விற்கப் போனேன். பத்திரம் பதிய முடியாது என்றார்கள். மாங்காய் மண்டிக்காரரிடம் வட்டிக்கு வாங்கிக் கட்டினேன். பென்ஷன் வாங்குகிற மனுஷன்!

அப்புறம் தடை தளர்ந்தது. 2016 அக்டோபர் 20க்கு முன் பதிவான மனைகளுக்கு, அங்கீகாரமில்லாததை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டமும் வந்தது. ஆனால் முதலில் மனைப்பிரிவு முழுமைக்கும் ஒப்புதல் வேண்டும். கூட வாங்கியவர்களில் பாதிப் பேர் பெங்களூரில், போனை எடுப்பதில்லை. வரன்முறை ஆகாத மனையில் வீடு கட்ட அனுமதி கிடைக்காது, அதனால் வாங்க வருகிறவனும் பாதி விலைக்குத்தான் கேட்கிறான்.

2024 இல் ஓசூருக்கு விமான நிலையம் அறிவித்ததிலிருந்து ஏஜெண்டுகளின் பேச்சு இன்னும் இனிக்கிறது. தம்பியிடம் இருந்த நோட்டீஸைப் புரட்டிப் பார்த்தேன். விமானப் படம் இருந்தது, நுழைவாயில் வளைவு இருந்தது, டிடிசிபி எண்ணும் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) எண்ணும் இல்லை. அந்த இரண்டோடு, முப்பது வருட வில்லங்கச் சான்றும், சாலையைப் பஞ்சாயத்துக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்ததற்கான நகலும் கேள் என்றேன். எல்லாம் சரியாக இருந்தாலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போடாதே. நல்ல மனைகூட மாதாமாதம் ஒரு ரூபாய் தராது. நாற்பது வயதில் வெளியே வருகிற நமக்கு இன்னும் இருபது வருடச் செலவு பாக்கி.

கம்யூட்டேஷனை இனாம் என்று நினைப்பது

ராணுவத்தில் பென்ஷனில் பாதிவரை கம்யூட் செய்யலாம். நாற்பது வயதில் மாதம் 10,000 ரூபாயை விட்டுக்கொடுத்தால் கையில் ஏறக்குறைய 10.9 லட்சம் வரும். விட்டுக்கொடுத்த மாதப் பென்ஷன் 15 வருடம் கழித்துத்தான் திரும்பக் கிடைக்கும். அதற்குள் பிடித்தம் 18 லட்சம். அகவிலைப்படி முழு பென்ஷனுக்கும் உண்டு, அது ஒரு ஆறுதல். அதிக வட்டிக் கடனை அடைக்க என்றால் சரி. காருக்கு என்றால் வேண்டாம்.

"அறுபது ஆகட்டும்" என்ற பதிலோடு திரும்புவது

மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஓய்வுபெற்ற படைவீரர் 50 வயதிலேயே சேரலாம். 30 லட்சம்வரை போடலாம். தபால் ஆபீஸ், பேங்க் கவுண்டரில் இருப்பவருக்கே இது தெரியாமல் இருக்கும். டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுத்துப் போங்கள்.

அக்னிவீரர் பென்ஷன் கணக்குப் போடுவது

அக்னிபத் திட்டத்தில் சேர்ந்தவருக்குப் பணி நாலு வருடம், பென்ஷன் கிடையாது. முடிவில் சேவா நிதி என்று மொத்தமாக வருவது 10.04 லட்சமும் வட்டியும். அதில் பாதி அவர் சம்பளத்தில் பிடித்ததுதான்.

மனைவி பெயர்

ஆதாரில் ஒன்று, பென்ஷன் ஆணையில் ஒன்று என்றால் குடும்ப ஓய்வூதியத்துக்கு அவர்தான் அலைவார். இப்போதே திருத்துங்கள்.

உயிர்வாழ் சான்று

வருடா வருடம் ஸ்பர்ஷ் என்ற ராணுவப் பென்ஷன் இணையதளத்தில் பதியுங்கள். மறந்தால் பென்ஷன் நின்றுவிடும்.