பிரிட்ஜ்: டம்மி விரிந்ததும் செய்யும் தவறுகள்

டம்மி (ஏலத்தில் வென்று ஆடுபவரின் ஜோடி மேசையில் திறந்து வைக்கும் சீட்டுகள்) விரிந்த மறுநொடியே சீட்டைப் போடுவதுதான் பிரிட்ஜில் மிகப் பெரிய தவறு. 3 நோ டிரம்ப் (துருப்பு இல்லாத ஆட்டம்) என்றால் 9 டிரிக் வேண்டும்; ஆளுக்கொரு சீட்டு போடும் ஒரு சுற்றுதான் டிரிக். உடனே எடுக்கக்கூடியவை 7தானா? மீதி 2 எந்தச் சூட்டில் (ஹார்ட், கிளப் போன்ற இனத்தில்) வரும், அதற்காக எந்த எதிராளியிடம் ஒரு டிரிக்கை விட நேரும் என்று முடிவு செய்த பிறகே முதல் சீட்டைத் தொடுங்கள்.

எதிராளிகள் மேற்கும் கிழக்கும். மேற்கு ஹார்ட் ராஜாவை இறக்குகிறார். உங்களிடம் ஏஸ், 8, 5. டம்மியில் 7, 6. கை தானாக ஏஸுக்குப் போகும். பொறுங்கள். இரு கையிலும் சேர்த்து 5 ஹார்ட். எத்தனை முறை பொறுப்பது என்பதற்கு வழக்கமான கணக்கு, 7லிருந்து இந்த எண்ணிக்கையைக் கழிப்பது: 7லிருந்து 5 போனால் 2. அத்தனை முறை விட்டுவிட்டு மூன்றாம் முறை ஏஸைப் போடுங்கள். எதிராளிகளிடம் உள்ள 8 ஹார்ட் 5-3 எனப் பிரிந்திருந்தால், அந்தச் சுற்றோடு கிழக்கிடம் ஹார்ட் தீர்ந்துவிடும். பிறகு அவர் ஒரு டிரிக் பிடித்தாலும் ஹார்ட் ஆட முடியாது. 4-4 என்றால் மொத்தமாகப் போவதே 3 டிரிக்தான். கணக்கை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் அடுத்த அடியில் வழுக்குகிறார்கள்: ஃபினெஸ் (எதிராளியின் பெரிய சீட்டு ஒரு பக்கம் இருக்கும் என நம்பி, அதைவிடச் சிறிய சீட்டால் டிரிக் எடுக்கப் பார்ப்பது) தோற்றால், மீதி ஹார்ட் வைத்திருக்கும் மேற்கிடம் போகிற மாதிரி ஆடிவிட்டால், பொறுத்ததெல்லாம் வீண். உங்களுக்கு வேறொரு சூட் இதைவிடப் பலவீனமாக இருந்தால் பொறுக்கவே கூடாது. அவர்கள் அதற்கு மாறிவிடுவார்கள்.

இன்னொன்று, வாய்ப்புகளை வரிசை மாற்றி ஆடுவது. கையில் கிளப் ஏஸ், ராஜா, ராணி, 2; டம்மியில் 5, 4, 3. டைமண்டில் ஏஸ், ராணி கையில். டம்மியில் இரண்டு சிறியவை. ஒரே ஒரு டிரிக் குறைகிறது. ஃபினெஸை முதலில் ஆடித் தோற்றால் ஆட்டமே முடிந்திருக்கும். கிளப் ஏஸ், ராஜா, ராணி மூன்றையும் முதலில் எடுங்கள். வெளியே உள்ள 6 சீட்டு 3-3 ஆகப் பிரிந்தால் கையில் மிஞ்சும் 2 அந்த டிரிக்கைத் தரும்; அதற்கு 36 சதவீதம்தான் வாய்ப்பு (4-2க்கு 48). பிரியாவிட்டாலும் எதையும் இழக்கவில்லை, 50 சதவீத ஃபினெஸ் அப்படியே இருக்கிறது. இரண்டும் சேர்ந்து சுமார் 68. டைமண்டை டம்மியிலிருந்துதான் ஆட வேண்டும் என்பதால், அங்கே போக ஒரு வழியை மட்டும் மிச்சம் வையுங்கள்.

ஏலத்தில் பேசாதவரை மறந்துவிடுவதும் தவறே. ஏலத்தில் தன் முதல் முறையிலேயே பாஸ் சொன்ன மேற்கு, இதுவரை ஸ்பேட் ஏஸ், ராஜா, டைமண்ட் ஏஸ் காட்டியிருக்கிறார்: 11 பாயிண்ட் (ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2). கிளப் ராணியும் இருந்தால் 13, ஏலத்தைத் திறந்திருப்பார். ஆகவே அந்த ராணி கிழக்கிடம். மொத்தம் 40 பாயிண்டில் உங்கள் இரு கையையும் கழித்து, மீதியை ஒவ்வொரு டிரிக்கிலும் இப்படிக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.