மார்கழிப் பனியில் மலைப்பாதைச் சைக்கிள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாக அமிர்திக்கும், அதற்கு மேலே ஜவ்வாது மலைக்கும், மறுபக்கம் ஏலகிரிக்கும் விடியற்காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பும் ஆசை மார்கழி, தை மாதங்களில் பலருக்கும் வருகிறது. வெயிலுக்குப் பேர்போன ஊரில் வாழ்பவர்களுக்கு இந்தக் குளிர் அரிய வரம் என்பதால் அந்த ஆசையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கோடையில் ஓட்டிப் பழகிய பாதைதானே என்று அதே வேகத்தில் இறங்குவதுதான் முதல் தவறு.

இரண்டாவது தவறு, பனிப்பிரதேசங்களுக்கான யோசனைகளை இங்கே அப்படியே கடைப்பிடிப்பது. இமயமலைப் பகுதிகளான லடாக்கிலும் ஸ்பிதியிலும் குளிர்காலத்தில் பாதையின் மேல் நீர் உறைந்து கட்டியாகிவிடுவதால், உலோக முட்கள் பதித்த டயர் அங்கே தேவைப்படுகிறது. ஊட்டியில் விழும் உறைபனியை நம் மலைகளில் எதிர்பார்க்க வேண்டியதில்லை; இங்கே நாம் சமாளிக்க வேண்டியது பனிநீரை. வெறும் பாறையில் அந்த முட்கள் கடித்துப் பிடிக்க எதுவும் இல்லாததால் வழுக்கவே செய்யும். நல்ல ஆழமான பட்டைகள் கொண்ட சாதாரண மலைப்பாதை டயரே போதுமானது.

பனிநீரின் போக்கைப் புரிந்துகொள்வது முக்கியம். மேகமற்ற இரவில் தரை தன் வெப்பத்தை வேகமாக இழந்து குளிர்வதால், காற்றிலுள்ள ஈரம் அதன் மேல் நீராகப் படிகிறது. வானம் தெளிவாக இருக்கும் என்பதற்காகவே ஜவ்வாது மலையின் காவலூரில் வானியல் ஆய்வகம் அமைத்தார்கள். அதே தெளிந்த வானம்தான் விடியற்காலைப் பாதையை ஈரமாக்குகிறது. வடகிழக்குப் பருவமழையில் வளர்ந்த பாசி பாறைகளில் இன்னும் ஒட்டியிருக்கும் காலம் இது. தூரத்திலிருந்து சாம்பல் நிறத்தில் காய்ந்ததாகத் தெரியும் பாறையை விரலால் தடவினால் வழவழவென்று இருக்கும். சருகும் அப்படித்தான்: மேலே மொறமொறவென்று கிடப்பதை விலக்கிப் பார்த்தால், அடியில் கறுத்து நைந்த இலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். வெயில் படும் இடத்தில் கிடைத்த பிடிப்பை நம்பி நிழலுக்குள் அதே வேகத்தில் நுழைபவர்கள் சறுக்குவது இதனால்தான்.

அப்படிச் சறுக்கத் தொடங்கியதும் பதறி முன்பிரேக்கை இறுகப் பிடிப்பது அடுத்த தவறு. முன்சக்கரம் பூட்டிக்கொண்டால் ஹேண்டிலைத் திருப்பிப் பயனில்லை. வளைவுக்கு முன்னால், சைக்கிள் நேராக நிற்கும்போதே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக்கைத் தளர்த்தி உருள விட வேண்டும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கை அழுத்தியபடியே இறங்குபவர்களைக் காணலாம். டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிளில், சக்கரத்தின் நடுவிலுள்ள பிரேக் தகடு அதனால் சூடேறிப் பிடிமானம் குறையும். விட்டுவிட்டுப் பிடிப்பதே சரி. சக்கர விளிம்பையே அழுத்திப் பிடிக்கும் ரிம் பிரேக் உள்ளவர்கள், அந்த விளிம்பிலுள்ள ஈரத்தை முதலில் லேசாகத் தேய்த்து எடுத்த பிறகே பிரேக்கை நம்பலாம்.

காற்றழுத்தத்தையும் கவனிக்க வேண்டும். குளிரில் டயருக்குள் அழுத்தம் சற்றுக் குறையும் என்று படித்துவிட்டுக் கல் போல அடித்துவிடுவதால் ஈரப்பாறையில் டயர் அமர்ந்து பிடிக்காமல் போகிறது. வழக்கமான அளவிலிருந்து 2 அல்லது 3 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) குறைத்து ஓட்டிப் பார்ப்பது நல்லது. டியூப் உள்ள டயரில் அதற்கு மேல் குறைத்தால் கல்லில் மோதி டியூப் கிழியும்.

உடை விஷயத்தில், கிளம்பும்போதே கனத்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ஏறுகிறவர்கள் மேலே போய்ச் சேரும்போது வியர்வையில் நனைந்து, இறக்கத்துக் காற்றில் நடுங்குகிறார்கள். மெல்லிய உடையில் ஏறிவிட்டு, இறங்கும் முன் காற்றைத் தடுக்கும் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டால் போதும். விரல் மறைக்கும் கிளவுஸை மட்டும் தவிர்க்கவே கூடாது, ஏனெனில் விறைத்த விரல் பிரேக்கை அளவாகப் பிடிக்காது.

இருட்டோடு காட்டுப்பாதையில் நுழைவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். இந்தக் காடுகளில் கரடிகள் உண்டு. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியின்றிச் செல்வது குற்றமும் ஆகும். அனுமதி பெற்றவர்களும் தார்ச்சாலையில் நிதானமாக ஏறி, மண்பாதையை 8 மணிக்கு மேல் தொட்டால், பாதையின் திறந்த பகுதிகளிலாவது ஈரம் காயத் தொடங்கியிருக்கும்.