கொழும்பில் வாங்கி நுவரெலியாவில் பொருத்தும் அறை ஹீட்டர்

மார்கழி விடியலிலும் மின்விசிறி நிற்காத ஊரில் இருந்துகொண்டு அறையைச் சூடாக்கும் ஹீட்டரைப் பற்றி எழுதுவது வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனால் நுவரெலியாவிலோ ஹற்றனிலோ பெற்றோரையும் பெரியவர்களையும் வைத்துக்கொண்டு கொழும்பில் வேலை பார்ப்பவர்களுக்கு இது வேடிக்கையன்று. நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தை மாத இரவுகளில் அங்கே வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே இறங்குவது வழக்கம். ஆகவே ஹீட்டரைப் புறக்கோட்டையில் வாங்கி, பஸ்ஸிலோ வானிலோ மலைக்கு ஏற்றிச் செல்கிறோம். கொண்டு போய்ச் சேர்த்ததும் ஏதாவதொரு பிளக் பொயின்டில் செருகிவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறோம். தவறு பெரும்பாலும் அந்த இடத்தில்தான் நடக்கிறது.

நானும் அப்படித்தான் செய்தேன். பெரியம்மாவுக்கு 2,000 வாட் ஹீட்டர் ஒன்றை வாங்கிக் கொடுத்து, பழைய உருண்டைத் துளைப் பொயின்டில் ஓர் அடப்டரைப் போட்டுச் செருகிவிட்டு வந்தேன். இரண்டாம் இரவு அறையில் கருவாடு கருகுவது போன்ற வாடை வர, பூனை எதையோ இழுத்து வந்து கட்டிலுக்கடியில் போட்டிருக்கிறது என்று அவர் தேடியிருக்கிறார். மறுநாள் அடப்டரைக் கழற்றிப் பார்த்தபோது ஒரு முள்ளைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தது. ஹீட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்றும் அது நன்றாக ஓடுகிறது. அன்றிலிருந்து, யார் ஹீட்டரைப் பற்றிக் கேட்டாலும் நான் முதலில் சுவரைப் பற்றித்தான் விசாரிக்கிறேன்.

காரணம் எளிமையானது. நம் நாட்டில் மின்னழுத்தம் 230 வோல்ட். 2,000 வாட் ஹீட்டர் அதில் 8.7 அம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். அதுவும் கேத்தலைப் போல மூன்று நான்கு நிமிடங்களுக்கு அல்ல, மணிக்கணக்காக. சிறிய உருண்டைத் துளைகள் கொண்ட 5 அம்பியர் பொயின்டில் 1,150 வாட்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது. பழைய வீடுகளில் அந்தப் பொயின்டுகள் பெரும்பாலும் விளக்குகளுக்குப் போகும் 1/1.13 என்ற மெல்லிய வயரிலேயே இணைக்கப்பட்டிருக்கும். இனி, பிளக் முள்ளும் பொயின்டின் உள்ளிருக்கும் பித்தளைப் பிடியும் இறுக்கமாகச் சேரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தொடுகையில் அரை ஓம் தடை இருந்தாலே 8.7 அம்பியருக்கு ஏறக்குறைய 38 வாட் வெப்பம் அங்கே பிறக்கும். ஈயம் பற்றவைக்கும் கோலொன்றைப் பிளக்குக்குள் சொருகி வைத்ததற்கு அது சமம். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. மின்னோட்டம் எல்லை மீறாததால் 13 அம்பியர் பிளக்கின் உள்ளிருக்கும் ப்யூஸ் எரியாது. மின்சாரம் வெளியே கசியாததால் ட்ரிப் சுவிட்சும் விழாது. தளர்ந்த தொடுகையைக் கண்டுபிடிக்க வீட்டில் இருக்கும் கருவி உங்கள் கை ஒன்றுதான்.

ஆகவே வாங்குவதற்கு முன்னரே, ஹீட்டர் ஓடப்போகும் அறையின் பிளக் பொயின்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சதுரத் துளைகள் உள்ள 13 அம்பியர் பொயின்டாக இருந்து, அது தடித்த 7/0.67 வயரில் இணைக்கப்பட்டிருந்தால் நல்லது. வயரின் அளவை அங்குள்ள எலக்ட்ரீசியன் ஒருவர் மூடியைக் கழற்றிப் பார்த்துச் சொல்லலாம்; அதே வேளையில் நில வயர் (எர்த்) உண்மையில் இணைந்திருக்கிறதா என்பதையும், மெயின் பலகையில் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா என்பதையும், அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் அது விழுகிறதா என்பதையும் அவரைக் கொண்டே பார்த்துவிடுங்கள். சிறிய உருண்டைத் துளைப் பொயின்ட் மட்டுமே உண்டு என்றால், அடப்டர் தேடிப் போகாமல் மெயின் பலகையிலிருந்து தனி வயர் இழுத்துப் புதிய 13 அம்பியர் பொயின்ட் ஒன்றைப் போட்டுவிடுவதே சரி. ஹீட்டருக்குக் கொடுக்கும் பணத்தோடு ஒப்பிட்டால் அந்தச் செலவு வீண் என்று எனக்குத் தோன்றவில்லை.

நம்மவர்களுக்குக் கைவந்த வித்தையொன்று இருக்கிறது: பேனா முனையால் 13 அம்பியர் பொயின்டின் மேல் துளையை அழுத்தி, மூடியைத் திறந்து, இரண்டு முள் பிளக்கை உள்ளே தள்ளுவது. கைத்தொலைபேசி சார்ஜருக்கே அது சரியான பழக்கமல்ல. ஹீட்டருக்கு அறவே கூடாது. முள் சரியாகப் பிடிக்காது என்பதோடு, உலோக உடல் கொண்ட ஹீட்டராக இருந்தால் நில இணைப்பும் இல்லாமற்போகும்.

வெளிநாட்டு உறவினர் கொண்டுவரும் ஹீட்டர் என்றால் முதலில் பின்பக்கத் தகட்டைப் படியுங்கள். லண்டனிலிருந்து வந்தது நம் பொயின்டில் அப்படியே பொருந்தும், மின்னழுத்தமும் ஒன்றே. கனடாவின் ஸ்காபரோவிலிருந்து வந்தது 120 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டது. தட்டை முள்ளுக்கு அடப்டர் போட்டு 230 வோல்ட்டில் செருகினால் 1,500 வாட் ஹீட்டர் ஏறக்குறைய 5,500 வாட் இழுக்க முயலும். சுருள் சில நொடிகளில் சிவந்து எரிந்துவிடும், அல்லது அதற்கு முன் வேறேதாவது எரியும். அன்போடு கொண்டுவந்தார்களே என்று பார்க்க வேண்டாம்.

இங்கே வாங்குவதாயின், முதியவர் தனியாக இருக்கும் அறைக்கு எண்ணெய் நிரப்பிய வகையையே நான் தெரிவு செய்வேன். அது பாரமானது, சூடேற நேரம் எடுக்கும். ஆனால் செந்தணலாகச் சிவக்கும் கம்பி வெளியே இல்லை, எளிதில் சரியவும் மாட்டாது. விசிறி வைத்த சிறிய ஹீட்டர் ஐந்து நிமிடத்தில் சூடு தரும், சத்தமும் தரும். கம்பி சிவந்து ஒளிரும் வகையைச் சிறு பிள்ளைகளும் கம்பளிப் போர்வைகளும் உள்ள வீட்டுக்கு வாங்க வேண்டாம். எந்த வகையாயினும் 1,000, 2,000 என இரண்டு நிலைகள் உள்ளதா, வெப்பக் கட்டுப்பாட்டுக் குமிழ் உள்ளதா, சரிந்தால் தானாக நிற்கும் சுவிட்ச் உள்ளதா என்று கடையிலேயே பாருங்கள்.

வாங்கியதை நேரே மலைக்கு அனுப்பாமல் ஒரு மாலை கொழும்பு வீட்டிலேயே ஓட்டிப் பாருங்கள். யன்னல்களைத் திறந்துவிட்டு, வெறுந்தரையில் வைத்து, உயர்ந்த நிலையில் அரை மணி நேரம் விடுங்கள். வியர்த்துக் கொட்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். முதல் சில நிமிடங்களில் தூசியும் பூச்சும் எரியும் வாடை வருவது இயல்பு. அது தொடர்ந்தால் இயல்பன்று. அரை மணி நேரம் கழிந்ததும் சுவரிலுள்ள சுவிட்சை அணைத்துவிட்டு, பிளக்கை உருவி, அதன் பிளாஸ்டிக் உடலைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கையை வைத்திருக்க முடியாத சூடென்றால் பிளக்கோ பொயின்டோ பழுது. வேறொரு நல்ல பொயின்டில் செருகிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். பிறகு மீண்டும் ஓடவிட்டு, கைப்பிடியைப் பிடித்து மெல்ல ஒரு பக்கமாகச் சரித்துப் பாருங்கள். சரிவுச் சுவிட்ச் உள்ளதானால் உடனே நிற்க வேண்டும். இந்த அரை மணிச் சோதனையை மலை வீட்டிலும் ஒருமுறை செய்ய வேண்டும், ஏனெனில் அங்கிருக்கும் சுவர் வேறு.

அறையில் வைக்கும்போது கட்டில், திரைச்சீலை, உடுப்பு, பேப்பர் ஆகியவற்றிலிருந்து ஒரு மீற்றராவது தள்ளி, சமதளமான வெறுந்தரையில் வையுங்கள். பிளக் பொயின்டுக்கு நேர்கீழே வேண்டாம். மேலெழும் சூடு அதைத்தான் தாக்கும். வயரைப் பாயின் கீழோ கம்பளத்தின் கீழோ மறைக்காதீர்கள். அதே சமயம், இரவில் கழிவறைக்கு எழுந்து போகும் வழியிலும் அது குறுக்கே கிடக்கக் கூடாது. ஆறு பொயின்ட் மல்டி பிளக்கில் ஒருபோதும் செருக வேண்டாம். குளியலறைக்குள் கொண்டுபோகவும் வேண்டாம். மழைக்காலத்தில் துணி காயாத ஊர் அது என்பதால் ஈரக் காலுறையையும் சுவெட்டரையும் ஹீட்டர்மேல் போடும் ஆசை எல்லோருக்கும் வரும். ஒரு காலுறை வழுக்கிக் காற்று வழியை அடைத்தாலே போதும், உள்ளே சூடு கட்டுக்கடங்காமல் ஏறும்.

உறங்கும்போது ஹீட்டரை ஓடவிடாதீர்கள் என்று சொன்னால் பெரியவர்கள் கேட்பதில்லை. அவர்களுக்கு வேறு வழியைச் சொல்ல வேண்டும்: படுக்கப் போவதற்கு அரை மணி நேரம் முன் கதவைச் சாத்தி அறையைச் சூடாக்கி, படுக்கும்போது அணைத்து, பிளக்கையும் உருவிவிட்டு, போர்வைக்குள் ஒரு சுடுநீர்ப் பையை வைத்துக்கொள்வது. பெரியம்மா இப்போது இதைத்தான் செய்கிறார். ஹீட்டர் செலவென்று எண்ணி, மூடிய அறைக்குள் கரிச்சட்டியைக் கொண்டுபோய் வைப்பவர்களும் உண்டு. கரித் தணலிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு வாடையோ நிறமோ இல்லை. உறக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடும். மின் ஹீட்டரில் அந்த ஆபத்து இல்லை.

செலவையும் கணக்குப் போட்டுவிடுங்கள். 2,000 வாட்டில் நாளுக்கு மூன்று மணி நேரம் என்றால் 6 அலகு, மாதத்துக்கு 180 அலகு. பாவனை ஏற ஏற அலகின் விலையும் கூடுவதால் பட்டியல் வந்ததும் திடுக்கிட நேரும். சிறிய அறைக்குப் பெரும்பாலும் 1,000 வாட் நிலையே போதும், பொயின்டுக்கும் அது இதம். மின்சாரம் தடைப்பட்டால் உடனே பிளக்கை உருவும் பழக்கமும் வேண்டும். குமிழ் வைத்த ஹீட்டர் மின்சாரம் திரும்பியதும் தானாகவே ஓடத் தொடங்கும்; 2022இல் போல மணிக்கணக்கில் மின்வெட்டு வந்தால், அதற்குள் யாராவது அதன்மேல் துவாயைப் போட்டிருப்பார்கள்.

குளிர்காலம் முடிந்து ஹீட்டர் கொழும்புக்குத் திரும்பி வந்தால், வெள்ளவத்தை போன்ற கடலோரத்தில் உப்புக் காற்று பிளக் முள்ளில் பச்சைக் களிம்பு ஏற்றிவிடும். தூசியைத் துடைத்து, பிளக்கைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கட்டி, பெட்டியோடு அலுமாரியின் மேல்தட்டில் வையுங்கள். அடுத்த முறை எடுக்கும்போது முள்ளைத் துடைத்துவிட்டு, மீண்டும் அந்த அரை மணிச் சோதனை. செருகியவுடன் ட்ரிப் சுவிட்ச் விழுந்தால் உள்ளே ஈரம் இறங்கியிருக்கலாம், அதைத் திருத்துபவரிடம் காட்டாமல் மலைக்கு அனுப்ப வேண்டாம்.