காதைக் குடையாதீர்கள்: குறும்பி விஷயத்தில் நாம் செய்யும் தவறுகள்

அப்பாவுக்குக் காது மந்தமாகிவிட்டது என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டியிருந்தோம். அவர் தொலைக்காட்சி பார்த்தால் செய்தி எதிர்வீடு வரை கேட்கும். காதுக்கருவி வாங்கலாம் என்று காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துப் போனோம். அவர் ஒரு சிறிய கேமராவைக் காதில் வைத்துத் திரையில் காட்டினார். நனைந்த புளி உருண்டையைப் போலக் கறுத்து, இறுகி, குழாயை முழுவதும் அடைத்திருந்தது குறும்பி. அதன் மேல் வெள்ளையாக ஒரு துணுக்குப் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது. தினமும் குளித்ததும் பஞ்சுக் குச்சியால் காதைத் துடைத்துக்கொள்வது அப்பாவின் வழக்கம். அந்தக் குச்சியின் பஞ்சுதான் அது. கால் மணி நேரத்தில் இரண்டு காதும் திறந்துவிட்டன. வெளியே வந்து உட்கார்ந்தவர் அண்ணாந்து பார்த்து, “இந்த ஃபேன் இவ்வளவு சத்தமா போடுகிறது?” என்று கேட்டார். காதுக்கருவி வாங்காமலே வீடு திரும்பினோம்.

அன்றிலிருந்து யார் கையில் பஞ்சுக் குச்சியைப் பார்த்தாலும் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை.

முதல் தவறு, குறும்பியை அழுக்கு என்று நினைப்பது. காதுக்குழாய் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம். அதன் வாசலை ஒட்டிய பகுதியில் மட்டும்தான் குறும்பியைச் சுரக்கும் சுரப்பிகள் உண்டு. அந்தச் சுரப்பும் உதிர்ந்த தோலும் சேர்ந்ததே குறும்பி. தண்ணீர் ஊறாமல் தோலைக் காக்கிறது; தூசியைப் பிடித்து நிறுத்துகிறது; சற்றுப் புளிப்புத் தன்மை உள்ளதால் கிருமிகளையும் பூஞ்சையையும் எளிதில் வளரவிடுவதில்லை. வேலை முடிந்த குறும்பி வெளியேறுவதற்கும் காதிலேயே வழி இருக்கிறது. செவிப்பறையின் நடுவிலிருந்து தோல் மெல்ல மெல்ல வாசலை நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கிறது, ஏறக்குறைய நகம் வளரும் வேகத்தில். நாம் மெல்லும்போதும் பேசும்போதும் தாடை அசைவது அதற்கு உதவி. பழைய குறும்பி உலர்ந்து, தூளாகித் தலையணையில் உதிர்ந்துவிடும்.

அப்படி வெளியே வந்துகொண்டிருப்பதைத்தான் நாம் குச்சியை விட்டு உள்ளே திருப்பி அனுப்புகிறோம். குச்சியின் முனையில் பழுப்பாக ஏதோ ஒட்டி வருவதைப் பார்த்ததும் சுத்தமாகிவிட்டது என்று மனம் நிறைகிறது. வந்தது கொஞ்சம், மீதியை உலக்கையால் இடிப்பதுபோல் இடித்துச் செவிப்பறை பக்கமாகத் தள்ளிவிட்டோம். அங்கே சுரப்பிகளே இல்லை. செவிப்பறையை ஒட்டி இறுகிய குறும்பி இருந்தால், பெரும்பாலும் யாரோ தள்ளி வைத்ததுதான். லியோ கெர்ஸ்டன்சாங் என்பவர் 1923-இல் அமெரிக்காவில் பஞ்சுக் குச்சியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்று பல நிறுவனங்கள் காதுக்குழாயில் நுழைக்க வேண்டாம் என்று பெட்டியிலேயே அச்சிடுகின்றன. அந்த வரியை ஒருமுறை தேடிப் படியுங்கள்.

ஊக்கு, கொண்டை ஊசி, தீக்குச்சி, சாவி, பேனா மூடி எல்லாம் இன்னும் மோசம். கோழி இறகால் காது குடைவதன் சுகத்தை நம் ஊரில் தெரியாதவர் இல்லை. ஆனால் குழாயின் உட்பகுதியில் தோல் மிக மெல்லியது. எலும்பின் மேல் நேராக ஒட்டியிருப்பது. அதைச் சுரண்டினால் அரிப்பு கூடும், அரிப்பு கூடினால் இன்னும் சுரண்டத் தோன்றும். ஆழமாகக் குடையும்போது சிலருக்கு இருமல் வருவது சளியால் அல்ல. மூளையிலிருந்து தொண்டை வழியாக வயிறு வரை ஓடும் வேகஸ் நரம்பின் ஒரு கிளை காதுக்குழாயின் தோலுக்கும் வருகிறது. அதைச் சீண்டினால் மூளை இருமச் சொல்கிறது. குடையும் நேரத்தில் பக்கத்தில் விளையாடும் குழந்தை முழங்கையைத் தட்டிவிட்டால் செவிப்பறை கிழியும். அதற்குப் பின்னால்தான் உடலிலேயே மிகச் சிறிய எலும்பு, சுமார் 3 மில்லிமீட்டர் அளவில், ஒலியை உள்ளே அனுப்பிக்கொண்டிருக்கிறது. முழங்கையைவிடச் சிறியது எதையும் காதுக்குள் விடாதே என்று மருத்துவர்கள் காலங்காலமாகச் சொல்லிவருவது வெறும் பேச்சு அல்ல.

அடுத்தது எண்ணெய். இதைச் சொன்னால் வீட்டுப் பெரியவர்களுக்கு வருத்தம் வரும் என்று தெரியும், இருந்தாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. கைக்குழந்தையைக் குளிப்பாட்டும்போது காதில் எண்ணெய் விட்டு ஊதுவது, காது வலித்தால் பூண்டு தட்டிப்போட்டுக் காய்ச்சிய எண்ணெயை விடுவது, தாய்ப்பால் பீய்ச்சுவது எல்லாம் அன்பினால் செய்வது. ஆனால் குழந்தைகளின் காது வலியில் பெரும்பகுதி, சளி பிடித்துச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக்கொள்வதால் வருகிறது. முழுதாக இருக்கும் செவிப்பறையைத் தாண்டி எண்ணெய் அங்கே போய்ச் சேராது. செவிப்பறையில் ஓட்டை இருந்தாலோ, போகக்கூடாத இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். கரண்டியில் காய்ச்சிய எண்ணெயின் சூடு விரலுக்குப் பொறுக்கும்போதும் செவிப்பறைக்குப் பொறுக்காமல் போகலாம். நம் ஊரின் வெப்பத்திலும் புழுக்கத்திலும் ஈரமான காதில் பூஞ்சை சுலபமாகப் பிடித்துக்கொள்கிறது. உள்ளே பார்த்தால் வெள்ளையும் கறுப்புமாக, நனைந்த செய்தித்தாளைக் கசக்கி வைத்ததுபோல் இருக்கும். நீரிழிவு உள்ளவர்கள் காது வலியை ஒரு நாளும் வீட்டு வைத்தியத்தில் கடத்தக்கூடாது. அவர்களுக்குச் சில நேரம் காதில் வரும் தொற்று எலும்புவரை இறங்கிவிடும்.

காதில் விடும் எதற்கும் சூடு உடல் வெப்பத்தை ஒட்டியிருக்க வேண்டும் என்பதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. வியன்னாவில் ராபர்ட் பாரனி என்ற மருத்துவர், நோயாளிகளின் காதைத் தண்ணீரால் கழுவும்போது அவர்களுக்குத் தலை சுற்றுவதைக் கவனித்தார். தண்ணீர் குளிர்ந்திருந்தால் கண்கள் ஒரு பக்கம் துடித்தன. சூடாக இருந்தால் மறுபக்கம். அதைப் பிடித்துக்கொண்டு, உடலின் சமநிலையை உள்காது எப்படிக் காக்கிறது என்று ஆராய்ந்தார். 1914-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டபோது அவர் ரஷ்யாவில் போர்க் கைதியாக இருந்தார். குளிர்சாதனப் பெட்டியில் இருந்த சொட்டு மருந்தை அப்படியே எடுத்து விடாமல், சீசாவைச் சிறிது நேரம் உள்ளங்கையில் வைத்திருந்துவிட்டு விடுங்கள்.

உங்கள் காதில் பிசுபிசுப்பான குறும்பியும் மனைவிக்கோ கணவருக்கோ தவிடுபோல் உலர்ந்த குறும்பியும் வருகிறதா? யாரும் சுத்தக் குறைவானவர் இல்லை. ஒரே ஒரு மரபணுவின் வேறுபாடு அது. 2006-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். கிழக்காசியாவில் உலர்ந்த வகை மிகுதி, ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் பிசுபிசுப்பானது மிகுதி.

காதுக்குள் ஏதாவது புகுந்துவிட்டால் வரும் பதற்றத்தில்தான் பெரிய தவறுகள் நடக்கின்றன. எறும்போ பூச்சியோ உயிரோடு துடித்தால், செவிப்பறையில் ஓட்டை இல்லாதவர்களுக்குச் சூடாக்காத தேங்காய் எண்ணெய் சில சொட்டு விடலாம், பூச்சி அடங்கிவிடும். எண்ணெய்க்கு நான் ஒப்பும் ஒரே இடம் இது. அதை வெளியே எடுப்பது மருத்துவர் வேலை. குழந்தை பட்டாணியையோ கடலையையோ போட்டுக்கொண்டால் தண்ணீர் விடாதீர்கள். ஊறிப் பெருத்து இறுகிவிடும். பொம்மையிலோ கைக்கடிகாரத்திலோ இருக்கும் வட்ட பேட்டரி என்றால் எதையும் விடாமல் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். சில மணி நேரத்திலேயே அது தோலை அரித்துப் புண்ணாக்கிவிடும்.

காதில் மெழுகுவத்தி ஏற்றிக் குறும்பியை உறிஞ்சுவதாகச் சொல்லும் சிகிச்சைக்குக் காசு கொடுக்காதீர்கள். கடைசியில் எடுத்துக் காட்டுவது அந்த மெழுகுவத்தியின் மெழுகுதான்.

குளித்தபின் துண்டின் நுனியால் காது மடலையும் வாசலையும் துடைத்தால் போதும். காது அடைத்தாற்போல் இருந்தால், மருத்துவர் தரும் சொட்டு மருந்தைச் சில நாள் விட்டு இளக வைத்து, பிறகு அவரிடமே போய் எடுத்துக்கொள்ளலாம். குறும்பி ஊறுவதால் நடுவில் அடைப்பு கூடியதுபோல் தோன்றும், பயப்பட வேண்டாம். காதில் சீழ் வடிந்தாலோ, செவிப்பறையில் ஓட்டை என்று முன்பே சொல்லியிருந்தாலோ அந்த மருந்தையும் நீங்களாக விடக்கூடாது. காதுக்கருவி அணிபவர்களுக்கும், நாள் முழுவதும் காதில் இயர்போன் செருகியிருப்பவர்களுக்கும், வயதானவர்களுக்கும் குறும்பி சேர்வது அதிகம். அவர்கள் அவ்வப்போது போய்ப் பார்த்துக்கொள்வது நல்லது.

ஒரு விஷயத்தில் மட்டும் காத்திருக்காதீர்கள். காலையில் எழும்போது ஒரு காது திடீரென்று கேட்கவில்லை என்றால், குறும்பிதான் என்று நாமே முடிவு செய்து சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருக்கக்கூடாது. உள்காது நரம்பு பாதிக்கப்பட்டும் அப்படி ஆகலாம். அதற்கான ஸ்டீராய்டு சிகிச்சையை முதல் இரண்டு வாரங்களுக்குள், எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.