கெவுர்ட்ஸ்ட்ராமினரை ஒப்பிட்டு ருசிக்கும்போது மூக்கை மட்டும் நம்பாதீர்கள்

கோப்பை மூக்கருகே வரும் முன்பே பன்னீர் ரோஜா வாசம் அடிக்கிற வெள்ளை ஒயின் கெவுர்ட்ஸ்ட்ராமினர். ரோஜாவுக்குப் பின்னாலேயே லிச்சிப் பழம், அப்புறம் லேசாக இஞ்சி முரப்பா. முதல்முறை முகர்கிறவர் அசந்துபோவார். சிக்கலும் அங்கேதான் ஆரம்பம். மூக்கு இவ்வளவு சத்தம் போடும்போது நாக்கு சொல்வது காதில் விழுவதில்லை. நான்கைந்து புட்டிகளை வரிசையாக வைத்து ஒப்பிடும்போது நடக்கிற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்து வருபவைதான்.

முதல் தவறு, வாசத்தை இனிப்பு என்று எடுத்துக்கொள்வது. இதில் நானே விழுந்திருக்கிறேன். ஒரு மாலை இரண்டு கோப்பைகள் வைத்தேன். ஒன்று பிரான்சின் அல்சாஸ் பகுதியிலிருந்து, இன்னொன்று இத்தாலியின் வடக்கே தெற்கு டிரோல் பகுதியிலிருந்து. ஒயினுக்கும் அதைச் செய்யும் திராட்சைக்கும் ஒரே பெயர்தான்; அந்தப் பெயரில் இருக்கும் ட்ராமின் என்ற ஊர் தெற்கு டிரோலில்தான் இருக்கிறது. ‘கெவுர்ட்ஸ்’ என்றால் ஜெர்மனில் மசாலா வாசனைப் பொருள். இரண்டுமே நல்ல இனிப்பு என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டேன். பிறகு மூக்கை இரண்டு விரலால் இறுகப் பிடித்துக்கொண்டு மறுபடி ஒரு வாய் எடுத்தேன். அல்சாஸ் ஒயினில் இனிப்பு அப்படியே நாக்கின் மேல் நின்றது. தெற்கு டிரோல் ஒயினில் ஒரு சொட்டு இனிப்பு இல்லை. கொஞ்சம் புளிப்பு, கடைசியில் கசப்பு, அவ்வளவுதான். விரலை எடுத்ததும் ரோஜா திரும்பி வந்தது, கூடவே அந்தப் பொய் இனிப்பும் வந்தது.

காரணம் எளியது. ரோஜாவிலும் லிச்சியிலும் இருக்கும் சிஸ்-ரோஸ் ஆக்சைடு என்ற வாசப் பொருள் இந்த ஒயினிலும் இருக்கிறது. நாம் அந்த வாசத்தை இதுவரை ரோஸ் மில்க்கிலும் குல்கந்திலும் பழச்சாற்றிலும் சர்க்கரையோடுதான் சந்தித்திருக்கிறோம். அதனால் வாசம் வந்தவுடன் சர்க்கரையும் வந்துவிட்டதாக மூளை முடிவு செய்துவிடுகிறது. ஒவ்வொரு கோப்பையையும் ஒருமுறையாவது மூக்கைப் பிடித்துக்கொண்டு ருசியுங்கள். பார்க்க வேடிக்கையாக இருந்தாலும் இதைவிட நம்பகமான வழி எனக்குத் தெரியாது.

அடுத்தது வரிசை. அல்சாஸிலேயே சர்க்கரை மிச்சமில்லாத கெவுர்ட்ஸ்ட்ராமினரும் உண்டு, தேன் போன்றதும் உண்டு. 2021 அறுவடையிலிருந்து அங்கே லேபிளில் இனிப்பின் அளவைச் சொல்லியாக வேண்டும். ‘செக்’ என்றால் இனிப்பில்லாதது, ‘தெமி-செக்’ லேசான இனிப்பு, ‘முவல்லோ’ லிட்டருக்குச் சுமார் 12 முதல் 45 கிராம் சர்க்கரை, ‘தூ’ அதற்கும் மேல். ‘வாந்தாஞ் தார்திவ்’ என்றிருந்தால் தாமதமாகப் பறித்த பழம். ‘செலெக்சியோன் தெ க்ரேன் நோப்ல்’ என்றால் பூஞ்சை பிடித்துச் சுருங்கிய பழங்களைத் தேர்ந்து பறித்துச் செய்தது. இவற்றை இனிப்பில்லாத ஒயினோடு ஒரே வரிசையில் வைத்து எது மேல் என்று கேட்டால் பதிலுக்கு அர்த்தமே இல்லை. கட்டாயம் ஒன்றாக வைக்க வேண்டுமென்றால் இனிப்புக் குறைந்ததில் தொடங்கி ஏறிப் போங்கள். தலைகீழாகப் போனால் இனிப்பில்லாதது வெறும் தண்ணீராகத் தெரியும், பாவம்.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த எடுப்பில் ஊற்றுவதும் கூடாது. 4 டிகிரியில் வாசம் சுருண்டுகொள்ளும், கசப்பு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். 10 முதல் 12 டிகிரி சரியாக இருக்கும். அதைவிடச் சூடானால் ஆல்கஹால் மூக்கில் குத்தும். வெயில் ஊரில் கோப்பை சீக்கிரம் சூடாகிவிடும் என்பதால் 8 டிகிரியில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொள்வது நல்லது.

எனக்கு அதிகம் வருத்தம் தருகிற தவறு, இதைப் புளிப்புக்குப் பேர்போன ரீஸ்லிங் என்ற இன்னொரு வெள்ளை ஒயினின் அளவுகோலால் அளப்பது. “புளிப்பே இல்லையே, மொத்தையாக இருக்கிறதே” என்பார்கள். இந்தத் திராட்சையின் இயல்பே அதுதான். பழம் முழுதாகக் கனிந்தால்தான் ரோஜா வாசம் வரும். அது வரும் நேரத்துக்குள் புளிப்பு இறங்கிவிடும், சர்க்கரை ஏறிவிடும், ஆல்கஹால் 13, 14 சதவீதத்துக்குப் போய்விடும். புளிப்பைக் காப்பாற்ற முன்னாலேயே பறித்தால் வாசம் போச்சு. எந்த நாளில் பறிப்பது என்ற அந்த ஒரு முடிவில்தான் விவசாயியின் ஆண்டு முழுவதற்குமான உழைப்பு இருக்கிறது.

சரி, புளிப்பு தாங்கிப் பிடிக்கவில்லை என்றால் எது தாங்குகிறது? இங்கே தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது. கசப்பு வேறு, துவர்ப்பு வேறு என்று நம் அறுசுவைக் கணக்கில் ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கிறோம். கெவுர்ட்ஸ்ட்ராமினர் வெள்ளை ஒயின் என்றாலும் பழத்தின் தோல் இளஞ்சிவப்பு. அந்தத் தோலிலிருந்து கொஞ்சம் கசப்பும் கொஞ்சம் துவர்ப்பும் இறங்குகின்றன. விழுங்கிய பின் பத்து எண்ணுங்கள். அடிநாக்கில் வெந்தயத்தைக் கடித்த மாதிரி ஒரு கசப்பு வந்து மெல்ல மறைந்தால் நல்லது. கன்னத்தின் உட்புறம் நெல்லிக்காய் தின்ற மாதிரி லேசாக இழுத்துப் பிடித்தால் அதுவும் நல்லதே. இனிப்பு திகட்டாமல் பார்த்துக்கொள்வது அந்தத் துவர்ப்புதான். கசப்பு மட்டும் தனியாக நின்று தொண்டையை அறுத்தால் அது குறை. குறிப்பேட்டில் ‘கசப்பு’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால் இந்த வேறுபாடு முழுக்கக் காணாமல் போகிறது.

ருசிக்கிற அறையையும் கவனியுங்கள். தலையில் மல்லிகைச் சரம், மூலையில் ஊதுபத்தி, கையில் சந்தன சோப்பு வாசம் என்றால் எந்த ஒயினுக்கும் கெடுதல். இதற்கு இன்னும் கெடுதல். மல்லிகையில் இருக்கும் லினலூலும் ரோஜாவில் இருக்கும் ஜெரானியோலும் இந்த ஒயினிலும் இருப்பவை. வாசம் கோப்பையிலிருந்து வருகிறதா, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடமிருந்து வருகிறதா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

பெயரில் மசாலா இருக்கிறதே என்று கார வறுவலைப் பக்கத்தில் வைக்கிற பழக்கம் இன்னொன்று. 14 சதவீத ஆல்கஹாலும் மிளகாயும் சேர்ந்தால் எரிச்சல்தான் கூடும். அல்சாஸ்காரர்கள் இதோடு முன்ஸ்டர் என்ற கடும் வாடையுள்ள சீஸைச் சீரகம் போன்ற ஒரு விதை தூவிச் சாப்பிடுகிறார்கள். மிக நல்ல ஜோடி, ஆனால் அதுவும் ஒப்பீடு முடிந்த பிறகுதான். ருசிக்கும்போது வெறும் ரொட்டியும் தண்ணீரும் போதும்.

மூன்றாவது கோப்பைக்குள் மூக்கு மரத்துவிடும். எல்லாமே ஒரே ரோஜாவாகத் தெரியும். எழுந்து வெளியே போய் ஐந்து நிமிடம் காற்று வாங்கிவிட்டு வாருங்கள். விழுங்காமல் துப்புவதற்கு ஒரு பாத்திரம் வைத்துக்கொள்ளுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

மிச்சத்தை அன்றே கொட்டிவிடாதீர்கள். மூடி ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் லேபிளை மறைத்து மறுபடி ருசியுங்கள். நான் சொன்ன அந்த இரண்டு புட்டிகளில், அல்சாஸ் ஒயினின் வாசம் மறுநாள் பாதியாகிவிட்டது, இனிப்பு மட்டும் தங்கியிருந்தது. முதல் நாள் நான் இரண்டாம் இடம் கொடுத்த தெற்கு டிரோல் ஒயினில் ரோஜா அடங்கி, அதன் அடியிலிருந்து ஆரஞ்சுத் தோலும் இஞ்சியும் மேலே வந்திருந்தன.