கொட்டகையில் கிடந்த மோரிஸ் மைனரை எழுப்புவது எப்படி: முதல் முறை செய்பவர்களுக்கு

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் தோட்ட வீடுகளின் பின்கட்டில், தகரக் கொட்டகைக்குள், விறகுக்கும் உர மூட்டைக்கும் நடுவே ஒரு மோரிஸ் மைனர் இன்னும் அகப்படும். ஒரு காலத்தில் கிராணியும் (தோட்ட எழுத்தர்) டிரெஸ்ஸரும் (தோட்ட மருத்துவ உதவியாளர்) ஓட்டிய கார். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948-ல் இங்கிலாந்தில் வெளிவந்தது. 1971 வரை பதினாறு லட்சத்துக்கு மேல் செய்தார்கள். இங்கே சொல்வது 1956-க்குப் பிறகு வந்த மைனர் 1000 பற்றி. 1962 வரை 948 சிசி, அதன் பிறகு 1098 சிசி. இரண்டுக்கும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான்.

வண்டியைப் பார்க்க வரும் எல்லோரும் சொல்வது: "அண்ணே, ஒரு பேட்டரி போட்டு ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போமே!" அதற்கு மட்டும் இணங்காதீர்கள். பத்து வருடம் நின்ற எஞ்சினைத் திடீரென்று சுற்றினால் பிஸ்டன் ரிங் உடையலாம். அதுகூடப் பரவாயில்லை. எஞ்சின் ஓடிவிட்டால் வண்டியை ரோட்டில் இறக்க ஆசை வரும், பிரேக் இருக்காது. வரிசை இதுதான்: வண்டியின் பதிவுப் பத்திரம், துரு, பிரேக், முன்சக்கரக் கணுக்கள், அதற்குப் பிறகே எஞ்சின். சாயம் எல்லாவற்றுக்கும் கடைசி.

காசு கொடுக்கும் முன்

கெரானை (வண்டியின் பதிவுப் பத்திரம்) கையில் வாங்கி, அதிலுள்ள சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியோடு ஒப்பிடுங்கள். சேசிஸ் தகடு பானெட்டுக்குள், எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தடுப்புச் சுவரில் இருக்கும். எஞ்சின் எண், டைனமோவுக்கு மேலே பிளாக்கில் அடித்த சிறு தகட்டில். எண் 9எம் என்று தொடங்கினால் 948, 10எம்ஏ என்றால் 1098. வேறு ஏதாவது தொடக்கம் இருந்தால் யாராவது எஞ்சினை மாற்றியிருக்கலாம். மாற்றியது தப்பில்லை, ஆனால் கெரானில் ஏறாமல் இருந்தால் பெயர் மாற்றும்போது மாட்டிக்கொள்வீர்கள். முதலில் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) கவுண்டரில் விசாரித்துவிட்டுப் பிறகு விலை பேசுங்கள். கெரான் இல்லாத வண்டியை உதிரிப் பாகமாக மட்டுமே மதிக்க வேண்டும், பேராக்கின் பழைய 'ஏ' நம்பர் பிளேட் எவ்வளவு அழகாக இருந்தாலும்.

அடுத்தது துரு. ஒரு பழைய ஸ்குரூ டிரைவரும் சின்னச் சுத்தியலும் போதும். முன் இருக்கைக்குக் கீழே வண்டியின் குறுக்கே ஓடும் இரும்புச் சட்டத்தின் இரு முனைகளையும் தட்டிப் பாருங்கள். டார்ஷன் பார் என்கிற முன் ஸ்பிரிங் கம்பியின் பின்முனை அந்தச் சட்டத்தில்தான் பிடித்திருக்கிறது. அது உளுத்திருந்தால் மற்றதெல்லாம் வீண். பின் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடங்கள், கதவுக்குக் கீழுள்ள சில் (அடிவிளிம்பு), டிக்கித் தரை ஆகியவற்றையும் குத்திப் பாருங்கள். 'டிங்' என்று கேட்டால் இரும்பு, 'டப்' என்றால் புட்டியும் சாயமும்.

ரப்பர் தோட்டமாக இருந்த இடம் என்றால் இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள்: வண்டி நின்றது ரப்பர் பால் கொட்டகைக்குப் பக்கத்திலா? பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலத்தின் ஆவி தகட்டை அரிக்கும். பால் கெடாமல் ஊற்றும் அமோனியா பித்தளையை வெடிக்க வைக்கும். கார்புரேட்டரிலும் பெட்ரோல் குழாய் இணைப்புகளிலும் இருக்கும் பித்தளையை வெளிச்சத்தில் பிடித்து மயிரிழைக் கீறல் இருக்கிறதா என்று தேடுங்கள்.

ஸ்பேனர்

வீட்டில் இருக்கும் மில்லிமீட்டர் செட்டை ஒதுக்கி வையுங்கள். இந்த வண்டிக்கு அங்குல அளவான ஏஎஃப் (நட்டின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையிலான அகலம்) ஸ்பேனர் வேண்டும். 7/16, 1/2, 9/16 மூன்றும் பாதி வேலையை முடித்துவிடும். 1/2 நட்டில் 13 மில்லிமீட்டர் ஸ்பேனர் 'கிட்டத்தட்ட' உட்காரும். அந்தக் கிட்டத்தட்டதான் துருப்பிடித்த நட்டின் முனைகளை மழுங்கடிப்பது. இவற்றோடு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடுகள்), கிரீஸ் கன், இரண்டு ஆக்சில் ஸ்டாண்ட். செம்மண் தரையில் ஸ்டாண்டுக்கு அடியில் இரண்டு அங்குலப் பலகை போடுங்கள். மழை பெய்த மறுநாள் ஸ்டாண்ட் மண்ணுக்குள் இறங்குவது பார்வைக்குத் தெரியாது. வெறும் ஜேக்கை நம்பி வண்டிக்கடியில் தலையை நீட்டவே கூடாது.

பிரேக்

அதிக நேரம் போவது இங்கேதான், போகவும் வேண்டும். நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் லைன். எங்காவது ஓர் இடம் வெடித்தால் நான்கும் போய்விடும், மிச்சமிருப்பது ஹேண்ட் பிரேக் மட்டுமே.

வாங்க வேண்டியவை: முன்சக்கரத்துக்கு வீல் சிலிண்டர் நான்கு (ஒரு சக்கரத்துக்கு இரண்டு), பின்னுக்கு இரண்டு, ரப்பர் ஹோஸ் மூன்று, மாஸ்டர் சிலிண்டர் ஒன்று, டாட் 4 பிரேக் ஆயில் ஒரு லிட்டர். பழைய சிலிண்டரைத் தேய்த்து ரப்பரை மட்டும் மாற்றலாம் என்று போமன் (மெக்கானிக்) சொல்லலாம். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். நம் ஊர் ஈரத்தில் நின்ற வண்டியின் சிலிண்டருக்குள் அநேகமாகக் குழி விழுந்திருக்கும். குழி விழுந்த சுவரில் புது ரப்பர் சில மாதம்கூடத் தாங்காது. ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். உள்ளே வீங்கிய ஹோஸ் ஆயிலைப் போக விடும், திரும்ப விடாது, சக்கரம் பிடித்துக்கொள்ளும்.

மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில், தரைக்குக் கீழே சேசிஸ் சட்டத்துக்குள் ஒளிந்திருக்கிறது. கம்பளத்தைத் தூக்கினால் ஆயில் ஊற்றும் மூடிக்கான சின்னத் தகடு தெரியும். இதைக் கழற்றும்போதுதான் சிக்கல்: போல்ட்டை வெளியே இழுக்க விடாமல் டார்ஷன் பார் குறுக்கே நிற்கும். அந்தக் கம்பி முன்பக்க எடையை முறுக்காகத் தாங்கிக்கொண்டிருக்கிறது. அதைத் தளர்த்தும் வேலையை முதல் முறை செய்கிறவர் தனியாகத் தொட வேண்டாம். இந்த ஒரு வேலைக்கு அனுபவமுள்ள கையைக் கூலிக்குக் கூப்பிடுங்கள்.

புதிதை மாட்டிய பிறகு பெடலுக்கும் மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனுக்கும் இடையே சிறிது தளர்வு இருக்கிறதா என்று பாருங்கள். பெடலைக் கையால் அழுத்தினால் முதலில் கொஞ்சம் சும்மா நகர வேண்டும். தளர்வே இல்லை என்றால் சிலிண்டருக்குள் ஆயில் திரும்பும் சிறு துளை மூடியே இருக்கும். கொஞ்ச தூரம் ஓடி ஆயில் சூடேறி விரிந்ததும் நான்கு சக்கரமும் தானாக இறுகும். 'ஓட ஓட இழுக்குது' என்று சொல்லப்படும் மைனர்களில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

பிரேக் லைனுக்குள் புகுந்த காற்றை எடுப்பது: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது என்ற வரிசையில். ஒருவர் பெடலை மெதுவாக அழுத்த, மற்றவர் சக்கரத்தின் பின்னாலுள்ள நிப்பிளை (ஆயில் வடியும் சிறு திருகு) திறந்து மூட வேண்டும். தரையடி டப்பாவில் ஆயில் தீர்ந்தால் மறுபடி முதலிலிருந்து. பிறகு டிரம்மிலுள்ள துளை வழியே ஸ்குரூ டிரைவர் விட்டு அட்ஜஸ்டரைச் சுற்றி, சக்கரம் நின்றதும் ஒரு சொடுக்கு பின்னுக்கு விடுங்கள். முன்சக்கரம் ஒவ்வொன்றிலும் அட்ஜஸ்டர் இரண்டு. பலர் ஒன்றை மட்டும் திருப்பிவிட்டு, பெடல் ஏன் ஆழமாகப் போகிறது என்று கேட்பார்கள்.

முன்சக்கரக் கணுக்கள்

மைனருக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு: ஓடிக்கொண்டிருக்கும்போதே முன்சக்கரம் மடிந்து விழும். சக்கரம் திரும்பும் தண்டின் மேலும் கீழும் மரையுள்ள டிரனியன் இருக்கிறது. கிரீஸ் இல்லாமல் மரை தேய்ந்தால் தண்டு உருவிக்கொள்ளும். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். 'கொடக்' என்று ஆடினால் மாற்றுங்கள், யோசிக்க ஒன்றுமில்லை. ஆடவில்லை என்றால் பக்கத்துக்கு இரண்டு கிரீஸ் நிப்பிளிலும் புது கிரீஸ் வெளியே பிதுங்கும் வரை அடியுங்கள், அதுவும் சக்கரம் தொங்கும் நிலையில். எடை ஏறியிருந்தால் தேய்கிற பக்கத்துக்கு கிரீஸ் போய்ச் சேராது. கையேடு 1,000 மைலுக்கு ஒருமுறை என்கிறது. செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் மழைக்காலத்தில் ஓட்டுகிறவர்கள் 800 கிலோமீட்டருக்கு ஒருமுறை அடிப்பது நல்லது.

எஞ்சின்

நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றுங்கள். டீசலும் எஞ்சின் ஆயிலும் சரிபாதி கலந்து ஒவ்வொரு துளையிலும் மூன்று தேக்கரண்டி விட்டு இரண்டு நாள் விடுங்கள். பிறகு முன்னால் கிராங்க் ஹேண்டிலை மாட்டி, ஒரு கையால் மெதுவாக. நகரவில்லை என்றால் இன்னும் இரண்டு நாள். நீண்ட குழாயைச் சொருகி நெம்பாதீர்கள்.

சுற்றியதும் பழைய ஆயிலை இறக்குங்கள். ஃபில்டரோடு சேர்த்து 20டபிள்யூ-50 மினரல் ஆயில் சுமார் 3.7 லிட்டர் பிடிக்கும். ஃபில்டர் கிண்ணம் உட்காரும் பள்ளத்தில் பழைய ரப்பர் வளையம் ஒட்டிக்கொண்டிருக்கும். ஊசியால் குத்தி எடுத்துவிட்டுத்தான் புதியதைப் போட வேண்டும். இரண்டு வளையம் சேர்ந்தால் ஒழுகியே தீரும். கியர்பெட்டிக்கும் இதே எஞ்சின் ஆயில்தான், 1.3 லிட்டர். பின் ஆக்சிலுக்கு மட்டும் 90 நம்பர் கியர் ஆயில்.

வால்வு இடைவெளி எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 0.012 அங்குலம். எட்டு வால்வு, ஒன்பது கணக்கு: எட்டாம் வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது ஒன்றாம் வால்வைச் சரிசெய்யுங்கள், ஏழாவது திறந்தால் இரண்டாவது. கூட்டினால் எப்போதும் ஒன்பது வரும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் உள்ள பாயிண்ட் இடைவெளி 0.015, பிளக் 0.025 அங்குலம். தீப்பொறி வரிசை 1-3-4-2, ரோட்டர் கடிகாரத்துக்கு எதிராகச் சுற்றும்.

பேட்டரியை மாட்டும் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். இது பாசிட்டிவ் எர்த் வண்டி, பிளஸ் முனைதான் பாடிக்குப் போகிறது. இடையில் யாராவது மாற்றியிருக்கலாம், எனவே கம்பியைத் தொடர்ந்து பாருங்கள். பாசிட்டிவ் எர்த்தாகவே இருந்தால் புதிய காயிலின் பிளஸ் முனை டிஸ்ட்ரிபியூட்டருக்குச் செல்ல வேண்டும்.

பெட்ரோல் டாங்கின் அடியிலுள்ள போல்ட்டைத் திறந்து பழையதை முழுக்க வடித்துவிடுங்கள். அரக்கு மாதிரி வரும், மணமும் அப்படித்தான். புதிதாக ஐந்து லிட்டர் போதும். சாவியைத் திருப்பியதும் எஸ்யூ பெட்ரோல் பம்ப் 'டிக் டிக்' என்று வேகமாக அடித்து நிற்க வேண்டும். நிற்காமல் அடித்தால் எங்கோ காற்று இழுக்கிறது அல்லது பெட்ரோல் ஒழுகுகிறது. சத்தமே இல்லை என்றால் பம்பை ஸ்குரூ டிரைவர் கைப்பிடியால் லேசாகத் தட்டுங்கள். தட்டினால் ஓடுகிறது என்றால் உள்ளே பாயிண்ட் கரிந்திருக்கிறது.

ரேடியேட்டரைக் கழுவும்போது பிளாக்கிலுள்ள தண்ணீர் வடிகுழாயையும் திறங்கள். தண்ணீர் வராது. கம்பி விட்டுக் குத்தினால் சேறு வரும், அதன் பிறகே தண்ணீர். 'நம் வெயிலுக்கு எதற்கு' என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசும் பழக்கம் இங்கே உண்டு. கழற்றாதீர்கள், வெப்ப நாட்டுக்கான 74 டிகிரி தெர்மோஸ்டாட்டைப் போடுங்கள். ரேடியேட்டர் மூடி 7 பவுண்டு அழுத்தத்துக்கானது. கடையில் கிடைக்கும் 13 பவுண்டு மூடி பழைய ரேடியேட்டரின் ஈயப் பற்றைப் பிளந்துவிடும்.

இப்போது பிளக் இல்லாமலே ஸ்டார்ட்டரைப் பத்துப் பத்து விநாடியாகச் சுற்றுங்கள். டாஷ்போர்டிலுள்ள ஆயில் எச்சரிக்கை விளக்கு அணைந்த பிறகுதான் பிளக்கை மாட்ட வேண்டும். கார்புரேட்டர் மேல்மூடியைத் திறந்து, பிளஞ்சரைத் திருகும்போது தடை தெரியும் அளவுக்கு மெல்லிய ஆயில் விடுங்கள். சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் ஐந்து நிமிடம் வரும் நீலப் புகை நீங்கள் ஊற்றிய டீசல், பயப்பட வேண்டாம். அரை மணி கழித்தும் நீலம் போகவில்லை என்றால் ரிங்கோ வால்வு கைடோ தேய்ந்திருக்கிறது.

முதல் ஓட்டம் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) ரோட்டில், இரண்டாம் கியருக்கு மேல் போகாமல். ஒரு கிலோமீட்டர் போய் நிறுத்தி நான்கு டிரம்மையும் கையை நெருக்கி வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அந்த அட்ஜஸ்டரை இன்னொரு சொடுக்கு விடுங்கள். நான்கும் சுட்டால் பெடல் தளர்வுக்குத் திரும்புங்கள். வண்டியை நிறுத்திய இடத்தில் இரவு ஓர் அட்டையை விரித்து வையுங்கள். காலையில் அதில் விழுந்திருக்கும் சொட்டுகள் எங்கே வேலை பாக்கி என்று சொல்லும்.